காவடி வண்டியும் ஒரு தம்ளர் தண்ணீரும்

"அந்த பர்மாக்காரியோட சேராதேன்னு அப்பவே சொன்னோம், கேட்டியா? இப்ப சர்க்கார் உத்தியோகம் போச்சு."

அரியலூர் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் இப்படிச் சொல்ல இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாளின் பெயரை எழுதப் போவதில்லை. "பேரை வச்சுக்கிட்டு என்ன செய்வே, வண்டி ஓடுதான்னு பாரு" என்றுதான் அவரே சொல்லியிருப்பார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

பெரம்பலூர் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், புளியமரத்தை ஒட்டி நாலு தகரம் போட்ட ஷெட்டு அவருடையது. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டை. காதோரம் எப்போதும் இரண்டு ஈர்க்குச்சி. பல் குத்த என்று முதலில் நினைத்தேன். ரங்கூனில் அவர் தகப்பனாருக்குப் பட்டறை இருந்ததாம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடு மலை தாண்டி நடந்து வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அதைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நடந்தோம். வந்தோம். செருப்பு வரலை."

தண்ணீருக்குப் போகிற பெண்கள் அவர் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள். "கழுத்துல என்ன இருக்குன்னு ஏன் பாக்குற? கையில என்ன இருக்குன்னு பாரு. ஸ்பேனர். உன் வூட்டுக் கிணத்து ராட்டினம் கிறீச்சுங்குதுல்ல, கொண்டா, எண்ணெய் போட்டுத் தரேன்" என்றார். மறுநாள் ராட்டினம் வந்தது. கேள்வி வரவில்லை.

நான் விக்கிரமங்கலத்துப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, யுத்தம் முடிகிற சமயத்தில் அரியலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டியதில்லை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று ஆபீசர் அடிக்கடி சொல்லுவார். அதைக் கேட்டு நான் பூரித்துப் போனது உண்டு.

எங்கள் ஆபீசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். பாலைவனத்துச் சண்டையில் ஜெர்மன்காரனிடம் பிடித்தது என்று பேச்சு. மணல் நிறப் பெயிண்டு. வலது பக்கம் ஒரு சிலிண்டர், இடது பக்கம் ஒரு சிலிண்டர் என்று எஞ்சின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் பியூன் அதற்குக் காவடி வண்டி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு கார்பரேட்டர். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகிற வாசல் அது. கைப்பிடியை முறுக்கினால் இரண்டு கம்பிகள் இழுத்து, இரண்டு வாசலின் கதவையும் தூக்கும். இரண்டும் ஒன்றாகத் தூக்கினால் வண்டி பறக்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமந்துகொண்டு ஓடும். நொண்டும், உதறும், கொதிக்கும், கடைசியில் நின்றுவிடும்.

விக்கிரமங்கலத்திலிருந்து திரும்பும்போது அப்படித்தான் ஒரு நாள் பாதி வழியில் நின்றது. ஆபீசர் அந்தப் பக்கம் வந்த கூண்டு வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்து வந்த நான் தள்ளிக்கொண்டு வந்தேன். சுண்ணாம்புப் புழுதியில் தலை நரைத்துக் கிழவனாக அந்த ஷெட்டில் போய் நின்றேன்.

"தள்ளிக்கிட்டு வர்றவன் வண்டிக்குச் சொந்தக்காரனா இருக்க மாட்டான். யாரு வண்டி தம்பி?"

"சர்க்கார் வண்டிங்க."

"அப்ப எனக்கும் பங்கு இருக்கு. இப்படிக் கொண்டாந்து நிறுத்து."

வலது பக்கம் நோஞ்சான், திருச்சி மெக்கானிக் மூன்று தடவை பார்த்து அந்தப் பக்கத்தை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காதிலிருந்து ஈர்க்குச்சி இரண்டையும் எடுத்தார். ஒரே கனத்துக்குச் சீவியவை. இந்தப் பக்கக் கதவுக்கு அடியில் ஒன்று, அந்தப் பக்கக் கதவுக்கு அடியில் ஒன்று சொருகினார்.

"கைப்பிடியை மெதுவா முறுக்கு. தயிர் கடையிற மாதிரி இல்ல, பூட்டைத் திருடன் திறக்கிற மாதிரி."

முறுக்கினேன். இடது பக்கக் குச்சி பொத்தென்று விழுந்தது. வலது பக்கக் குச்சி கடித்தது கடித்தபடி நின்றது.

"பாத்தியா? வலது நோஞ்சான் இல்ல. இடதுதான் முந்திரிக்கொட்டை. தொடுறதுக்குள்ள வாயைத் திறக்குது. முந்துறவனைப் பிடிச்சு நிறுத்தாம பிந்துறவனை உதைச்சுக்கிட்டே இருந்தா ரெண்டும் கெடும்."

இடது கம்பியைத் தளர்த்தினார். திருச்சிக்காரர் திறந்து வைத்ததையெல்லாம் மூடினார். குச்சி வைத்து, முறுக்கி, விழ வைத்து, மறுபடி வைத்து, இரண்டும் ஒரே சமயம் விழுகிற வரைக்கும் விடவில்லை. பிறகு எஞ்சினைக் கிளப்பினார். இரண்டு உள்ளங்கையையும் வாளித் தண்ணீரில் நனைத்து, பின்னால் உட்கார்ந்து, இரண்டு புகைக்குழாய்க்கும் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். எந்தக் கை முதலில் காய்கிறதோ அந்தப் பக்கம் அதிகமாக மூச்சு விடுகிறது என்று அர்த்தம். திருகாணியில் மயிரிழை. மறுபடி வாளி. மறுபடி கை.

எனக்குக் கேட்ட வரையில் வண்டி அருமையாக ஓடியது. "போதும் அக்கா, ஓடுதே" என்றேன்.

"ஓடுறது வேற. சரியா இருக்கிறது வேற. சரியா இல்லாததைச் சரின்னு சொல்ல என் வாய்க்கு வராது, தம்பி."

அவரைப் பற்றி இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

வண்டியை எடுத்துப்போக வந்த ஆபீசர் தாராளமாகச் சிரித்தார். "பரவாயில்லையே, ஆம்பளை மாதிரி வேலை செய்யிறியே!"

"ஆம்பளை மாதிரி செஞ்சிருந்தா இன்னும் தள்ளிக்கிட்டுத்தாங்க இருந்திருப்பீங்க."

ஆபீசருக்குக் காது சிவந்தது. நான் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

யுத்தத்துப் பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்களெல்லாம் கரி போட்டு ஓடின. அவற்றில் ஒன்றை அக்காவிடம் பார்க்கக் கொண்டுவந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை, சாமான் வர இரண்டு நாள் ஆகும் என்றார். பஸ் முதலாளி தலையாட்டிவிட்டு அன்றைக்கே ஆளை ஏற்றினார். அக்கா ஷெட்டை விட்டு நடந்து போய் பஸ்ஸின் மூக்குக்கு நேரே நின்றார். "பிரேக் இல்லாத வண்டி இது. ஏறுறவங்க தெரிஞ்சு ஏறுங்க."

உள்ளே இருந்து ஒருவர் கத்தினார். "ஏம்மா, கல்யாணத்துக்குப் போகணும், வழியை விடு!"

"போங்க மாமா. அப்படியே கருமாதிக்கும் சேர்த்துச் சொல்லிட்டுப் போங்க."

ஆளுக்கு ஒரு வசவாக வைதுகொண்டே எல்லோரும் இறங்கினார்கள். அந்த முதலாளி அதற்குப் பிறகு அவர் ஷெட்டுப் பக்கம் வரவேயில்லை.

பிறரிடம்தான் இந்தக் கறார் என்று நினைத்துவிட வேண்டாம். உடையார்பாளையத்துக் குடியானவர் ஒருவர் கிணற்று எஞ்சினைக் கொண்டுவந்தார். வேலை நடக்கும்போது அதில் ஒரு வார்ப்பிரும்புப் பாகம் விரிசல் விட்டுவிட்டது. "பழசு, அதான் போயிருக்கும்" என்று குடியானவரே சொன்னார். அக்கா சும்மா இருந்திருக்கலாம். "பழசு இல்லீங்க. நான் முறுக்கினதுல போச்சு. என் தப்பு" என்றார் அக்கா. புது வார்ப்பு வருகிறவரைக்கும் அவரே அந்த வயலுக்குப் போய் ஆட்களோடு ஏற்றம் மிதித்தார். குடியானவர் பதறிப்போய், "பொம்பளையை ஏத்தத்துல ஏத்தின பாவம் எனக்கு எதுக்குத் தாயி?" என்று கெஞ்சினாராம்.

இனி என் வேலை போன கதை.

நெல் கொள்முதல் குறைந்ததும் ஆபீசில் கழித்துக்கட்டும் சாமான்களுக்கு ஜாபிதா போடச் சொன்னார்கள். கிழிந்த கூடாரம், உடைந்த தராசு, எழுத்து தேய்ந்த டைப்ரைட்டர். ஆபீசர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். கடைசியில் காவடி வண்டியைச் சொன்னார். இரண்டு கார்பரேட்டரும் ஒத்து வரவில்லை, வலது சிலிண்டர் செத்துவிட்டது, ரிப்பேருக்கு லாயக்கில்லை, பழைய இரும்பாக ஏலம் விடலாம்.

பேனா நின்றது. அன்று காலையில்தான் அந்த வண்டியில் ஆபீசர் உடையார்பாளையம் போய்வந்தார். போன மாதம் திருச்சியிலிருந்து வந்த அவர் மச்சான் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்க மனமில்லாமல் இறங்கியதை நானும் பார்த்திருந்தேன். இரும்பு விலையில் அது யாருக்குப் போகும் என்று தெரிந்துவிட்டது.

"என்ன, இங்கிலீஷ் வரலையா?" என்றார் ஆபீசர்.

எழுதினேன். அச்சு மாதிரி எழுதினேன்.

அதில் ஒரு மெக்கானிக் கையெழுத்து வேண்டும். என்னிடமே கொடுத்து அக்காவிடம் அனுப்பினார்.

"இங்கிலீஷுல என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன்.

"எழுதினது யாரு?"

"எழுதச் சொன்னாங்க அக்கா."

"சொன்னது ஒரு வாய். எழுதினது ஒரு கை. நான் கையைக் கேட்டேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆபீசரே வந்தார். ஷெட்டு நிற்பது ரோட்டுப் புறம்போக்கு என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அக்கா. ஒரு கையெழுத்தில் எல்லாம் சுமுகமாகிவிடும் என்றார் ஆபீசர். "சரி, வண்டி லாயக்கில்லைன்னு சிறுவாச்சூர் காளிமேல சத்தியம் பண்ணவா சொல்றேன்? ஒரு கையெழுத்துதானே!"

"சிறுவாச்சூர் காளிக்குத் திங்கள், வெள்ளிதான் நடை திறப்பாங்க. என் கடை தினம் திறந்திருக்குங்க. பொய் சொல்லத் தோது இல்ல."

கையெழுத்தைத் திருச்சி மெக்கானிக் போட்டுக் கொடுத்தார். ஏலத்துக்குத் தண்டோரா போட்டார்கள். நோட்டீசு நான்தான் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். வழக்கமாக எழுதும் வரி ஒன்று அதில் இருந்தது. ஏலப் பொருள்களை எவரும் முன்னதாக நேரில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

ஏலத்தன்று காலையில் ஆபீசர் சொல்லி, பியூன் வலது கம்பியை நாலு சுற்றுத் தளர்த்திவிட்டார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கூட்டம் சேர்ந்தது. வேப்பமரத்தடியில் மச்சான் குடையோடு நின்றார். வண்டியைக் கிளப்பிக் காட்டினார்கள். அது ஒற்றைக்காலில் நொண்டி, இருமி, அணைந்தது. "பாத்துக்குங்க, இரும்புதான்!" என்று பியூன் கூவினார்.

அப்போது காக்கிச் சட்டை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் பித்தளைத் தம்ளர்.

"யாரும்மா நீ? சர்க்கார் சொத்து மேல கை வைக்கிற?" என்று ஆபீசர் பாய்ந்தார். யார் என்று அவருக்கா தெரியாது?

அக்கா அவரைப் பார்க்கவில்லை. சுவரைக் காட்டி என்னைப் பார்த்தார். "தம்பி, அதுல என்ன எழுதியிருக்கு? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் படி."

ஆபீசர் முகத்தைப் பார்த்தேன். படிக்காதே என்று அதில் எழுதியிருந்தது. சுவரைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து இருந்தது. எவரும் பரிசோதித்துக்கொள்ளலாம் என்ற வரியைப் படித்தேன். முதல் தடவை பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை படித்தேன்.

அக்கா வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈர்க்குச்சி இரண்டையும் வைத்தார். ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. வலது கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இது தானா தளர்ந்ததில்லையே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு அதை இறுக்கினார், குச்சியை மறுபடி வைத்தார். முறுக்கினார். இரண்டு குச்சியும் சேர்ந்து விழுந்தன. எஞ்சினைக் கிளப்பி, கையை நனைத்துப் பின்னால் பிடித்தார். திருகாணியில் மயிரிழை. வண்டி குரலை மாற்றியது. இருமல் போய், நிறைந்த பானை கொதிக்கிற மாதிரி ஒரே சீராக ஒரு சத்தம்.

தம்ளரில் கழுத்துவரை தண்ணீர் மொண்டு டாங்க் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. சிந்தவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினார். வட்டங்கள் நெருங்கின. சிந்தவில்லை.

"மாஷா அல்லா! ஒரு சொட்டு வெளியே வரலையே!" என்றார் முன்னால் நின்ற லெப்பைக்குடிக்காட்டு மண்டிக்கார பாய். "தங்கச்சி, இதையா இரும்புங்கிறாங்க?"

"அதை எழுதினவங்களைக் கேளுங்க பாய். நான் வண்டியைத்தான் பாக்க வந்தேன்."

தம்ளர்த் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் இரும்பு விலையில் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வண்டியை பாய் எடுத்தார். மச்சான் திருச்சி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார்.

பத்து நாளில் ஷெட்டைப் பிரிக்கச் சொல்லி நோட்டீசு. அதையும் என்னையே எழுதச் சொன்னார் ஆபீசர். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நின்றபடியே படித்தார்.

"இது புறம்போக்குதானே?"

"ஆமாம் அக்கா. சர்வே படத்தைப் பார்த்தேன்."

"அப்ப நிஜந்தான். நிஜத்தைக் கொண்டாந்து குடுக்குறதுக்கு எதுக்கு இப்படிக் கை நடுங்குது? அன்னைக்குப் பொய்யைக் கொண்டாந்தப்ப கல்லு மாதிரி இருந்துச்சே."

இன்றைக்கும் அந்தப் பேச்சு என்னைச் சுடுகிறது.

அதே வாரம் மேலிடத்திலிருந்து எழுதிக் கேட்டார்கள். லாயக்கில்லை என்று எழுதிய வண்டி எப்படி ஓடியது? ஆபீசர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒரு நாளும் என்னை அவர் எதிரில் உட்கார வைத்ததில்லை. "பழைய ரிப்பேர் நோட்டைப் பார்த்து வண்டிக்கு எழுதிட்டேன், கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. ஒரு எச்சரிக்கையோட போயிடும். வேலைக்கு நான் ஜவாப்தாரி. இல்லேன்னா உன் இஷ்டம். உங்க அப்பா இன்னும் கூலிக்குத்தானே போறார்?"

ஷெட்டுக்குப் போனேன். பாய் ரோட்டுக்கு எதிர்ப்புறம் தம்முடைய பட்டா நிலத்தில் இடம் கொடுத்திருந்தார். அக்கா கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "என்ன செய்யட்டும் அக்கா?" என்றேன்.

"என்னை ஏன் கேக்குற? நான் கார்பரேட்டர் பாக்குறவ. இந்தத் தகரத்து முனையைப் பிடி."

ஆளுக்கு ஒரு முனையாக ரோட்டைத் தாண்டினோம். நடுவில் அதட்டினார். "உன் பக்கம் இறக்குற. எடையெல்லாம் எனக்கு வருது. ஒழுங்காத் தூக்கு."

தகரத்தைத்தான் சொன்னார். வேறு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் நாலு தகரமும் ரோட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு எழுத வேண்டியது தெரிந்துவிட்டது.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. ஜாபிதாவில் உள்ளது தவறி எழுதியது அல்ல. ஆபீசர் சொல்ல நான் எழுதியது. எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

தலைமைக் குமாஸ்தா நல்ல மனுஷர். தாளைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டாப்பா, முதல் ரெண்டு வரி சரி. அது உன்னைக் காப்பாத்தும். இந்த மூணாவது வரி எதுக்கு? அதை அடிச்சுடு. தப்பு பூரா அவர் தலைமேல போகட்டும்."

"வேண்டாங்க. என் பங்கும் அதுல இருக்கட்டும்."

மூன்றாவது வரியைக் காட்டித்தான் என்னை நீக்கினார்கள். ஆபீசருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றல் கிடைத்தது, அதுவும் அவர் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு.

அக்கா எதிர்ப்புற ஷெட்டில் இன்னும் ஒரு மழைக்காலம் இருந்தார். பிறகு ரங்கூனுக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெட்டி கட்டினார். "அங்க பட்டறை இன்னும் இருக்குமா அக்கா?" என்றேன். "இல்லாட்டி இடம் இருக்கும்" என்றார். வழியனுப்ப வந்தவர்கள் நானும் பாயும்தான். இரண்டு ஈர்க்குச்சியையும் காதிலேயே வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

நான் பாயின் மண்டியில் கடிதம் எழுதுகிறேன். காவடி வண்டி அங்கேதான் நிற்கிறது. மாதம் ஒரு முறை இரண்டு குச்சி சீவி வைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கை இல்லை. ஒன்று முன்னே விழுகிறது, ஒன்று பின்னே விழுகிறது. திருப்பி வைக்கிறேன்.

வேலை போன அன்று ஊருக்குப் போய், என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் எனக்குச் சோறு போட்டு வைத்தார். பிறகு, "அந்த மூணாவதை இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். "சரி, சாப்பிடு" என்றார்.

ஆகவே கடைத்தெருக்காரர்களே, நீங்கள் சொல்லுவது வாஸ்தவம். அந்த பர்மாக்காரியால்தான் என் வேலை போயிற்று. இது தவறி எழுதியது அல்ல.